பதினெட்டாவது வரி

பதினேழு வரியாக இருந்தது, இப்போது பதினெட்டு. ஒரு வரி கூடியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கம்ப்யூட்டரில் என் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அதற்கென்ன, எழுதிக் கொடுத்ததைச் செய்யும், என்னைப் போல. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோட்டில் ஒரு வட்டம் வந்து நிற்கிறது. படம் 1. பன்னிரண்டு நொடி நிற்கும், போகும், அடுத்தது வரும். இருநூறு படம், நாற்பது நிமிடம். அந்தப் பன்னிரண்டு நொடியும் நான் வைத்ததுதான். முன்பெல்லாம் கண் இமைப்பதற்குள் இருநூறையும் வரைந்து தள்ளிவிடும். ஒரு தடவை ஒரு முக்கோணம் சட்டத்துக்கு வெளியே போய் மூக்கு அறுந்து நின்றது. தேர்வு எழுதிய பெண்களே காட்டிச் சிரித்தார்கள். இந்த ஆபீஸை நடத்துகிற தீனதயாளன் சார் கூப்பிட்டு, "ஏம்மா, மெஷினு போட்டாலும் மனுஷன் ஒருக்கா பாக்க வேணாமா?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். மூக்கு இருக்கிறதா, வால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, ஒரு வருஷமாக. படம் 2. செவ்வகம், லேசாகத் திரும்பிக் கிடக்கிறது. மணி இரண்டு பதினைந்து. மூன்றுக்கு ஜெசிந்தாவுக்கு மறுதேர்வு. இந்த இருநூறும் அவள் ஒருத்திக்காகத்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அவள் கீழே படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். நான் இங்கே ஏசிக்கு நேராக உட்கார்ந்து விரல் மரத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, மனுஷருக்கு அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அதில் ஒளிவுமறைவு கிடையாது.

எங்கோ வெளிநாட்டில் ஒரு டைல்ஸ் கம்பெனி. பெல்ட்டில் கல் வரும், இயந்திரம் பார்த்து, சதுரம் ஒரு பெட்டியில், செவ்வகம் ஒரு பெட்டியில் என்று பிரிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்துக்குப் பார்க்கத் தெரியாது. அதனால் திண்டுக்கல்லில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருபத்தாறு பெண்கள் உட்கார்ந்து, கல் கல்லாகப் போட்டோ பார்த்து, இது சதுரம், இது வட்டம் என்று பட்டன் தட்டி அதற்குக் கண் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் இதைக் கட்டம் போடுகிற வேலை என்பார். "கட்டம் போட்டு முடிச்சாச்சா?" என்று சாயங்காலம் கேட்பார், அதில் ஒரு சிரிப்பு வேறு. நானும் முதலில் அந்த இருபத்தாறு பேரில் ஒருத்திதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் முடிந்ததும் ஒரு தேர்வு வைக்க வேண்டும், அதற்குப் படம் வேண்டும், விடை தெரிந்த படமாக வேண்டும், யார் உட்கார்ந்து வரைவது என்று தீனதயாளன் சார் தலையைச் சொறிந்தபோது, நான் வரைய வைக்கிறேன் சார் என்று வாயைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டுப் பதினெட்டு வருஷம் சும்மா கிடந்தவளுக்கு அன்றைக்கு ஒரு ஆசை. பதினேழு வரி. ஐந்து உருவத்தில் ஒன்றைக் குலுக்கி எடு. எங்கே வைப்பது என்று குலுக்கு. எவ்வளவு பெரிது என்று குலுக்கு. எத்தனை பாகை திருப்புவது என்று குலுக்கு. வரை. பெயரை விடைப் பட்டியலில் எழுது. அவ்வளவுதான், இதில் மூளை என்ன இருக்கிறது. ஆனால் முதல் முதலில் அது ஓடி, யாரும் கை வைக்காமல் ஒரு சாய்ந்த செவ்வகம் கறுப்பில் வெள்ளையாக எழுந்து நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. மறுநாளே சார் என்னைத் தரம் பார்ப்பவராக்கினார். மங்கையர்க்கரசி என்று வீட்டில் வைத்த, ரேஷன் கார்டில்கூட முழுசாக ஏறாத பெயர், இங்கே அரசி மேடம் ஆனது. கூட உட்கார்ந்து ஊறுகாய் மாற்றிக்கொண்டவர்கள் எழுந்து நின்று மேடம் என்றார்கள். படம் 19. முக்கோணம். மூக்கு இருக்கிறது.

பட்டன்களையும் நான்தான் தமிழில் போட்டேன். அதுதான் முள். அதற்கு முன்னால் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, தமிழ் வழியில் படித்தவர்கள் ஸ்கொயர், ரெக்டாங்கிள் என்று மனப்பாடம் பண்ணிக் கஷ்டப்பட்டார்கள். ரோம்பஸ் என்பது அவர்களுக்கு வெறும் சத்தம், எதையும் சொல்லாது, அதனால் படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நான் இரக்கப்பட்டேன். சார், தமிழிலும் போட்டுவிடுவோம், எது வேண்டுமோ அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். வட்டம், முக்கோணம், சதுரம், செவ்வகம், சாய்சதுரம். என் கையால் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லை. சாய்சதுரம் என்று எழுதியவள் ஒரு நிமிடம் நின்று யோசித்தாளா? தமிழ் தெரிந்த எவளும் அந்தச் சொல்லைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? சாய்ந்த சதுரம். சதுரம் நேராக நின்றால் சதுரம், சாய்ந்தால் சாய்சதுரம். பேரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே. என் ஸ்கிரிப்ட் சதுரத்தை எடுத்து நாற்பது பாகை திருப்பிப் போடும், விடை சதுரம் என்று எழுதிக்கொள்ளும். கல்லைத் திருப்பிப் போட்டால் கல் மாறிவிடுமா, அது சதுரப் பெட்டிக்குத்தான் போக வேண்டும், அது சரிதான். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் என்ன பார்க்கிறாள்? சாய்ந்து நிற்கிற ஒரு சதுரம். கீழே ஒரு பட்டன், சாய்சதுரம் என்று. அவள் அதைத் தட்டாமல் வேறு எதைத் தட்டுவாள்? வேலையில் வருகிற கல் பெரும்பாலும் நேராகவே வரும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. தேர்வு கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும் என்று சார் சொன்னதால்தான் நான் திருப்பித் திருப்பிப் போட்டேன். படம் 38. சாய்சதுரம், நிஜச் சாய்சதுரம், ஒல்லியாக, இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்த மாதிரி. இதை யாரும் தப்பாகச் சொன்னதில்லை.

ஒரு வருஷத்தில் பதினோரு பேர் எழுதினார்கள். ஏழு பேர் தேறினார்கள், நாலு பேர் தொண்ணூற்றைந்து விழுக்காட்டைத் தொடவில்லை, மறுதேர்விலும் தொடவில்லை, போனார்கள். லூர்துமேரி, மெகராஜ், முத்துப்பேச்சி, பஞ்சவர்ணம். நான் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எது தப்பு என்று திறந்து பார்க்கவில்லை. கவனம் போதாது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு எழுதினேன், என் கையெழுத்தில். ஜெசிந்தாவுக்கு எண்பத்தைந்து வந்தபோதுதான் ஏதோ உறுத்தியது, அவள் போட்டோவில் இருக்கிற கீறலைக்கூட எழுந்து வந்து சொல்கிறவள். அவளுடைய விடைகளைத் திறந்தேன். முப்பது தப்பு. முப்பதும் சதுரம். முப்பதும் சாய்ந்தவை. பிறகு பழைய நாலு பேருடையதையும் திறந்தேன், திறக்காமலே இருந்திருக்கலாம். எல்லாம் அதே. நாலு பேரும் தமிழ்ப் பட்டன். தேறிய ஏழு பேரும் இங்கிலீஷ் பட்டன். ஒன்பது நாளாக இது எனக்கு மட்டும் தெரியும். இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது, அதை நான் அந்த நிமிடமே நினைத்துக்கொண்டேன், பள்ளிக்கூடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சரியா தவறா என்று கேட்பார்கள். எல்லாச் சதுரங்களும் சாய்சதுரங்களே. சரி. எல்லாச் சாய்சதுரங்களும் சதுரங்களே. தவறு. நான்கு பக்கமும் சமமாக இருந்தால் சாய்சதுரம், சதுரத்துக்கு நான்கு பக்கமும் சமம்தான், ஆக சதுரமும் ஒரு சாய்சதுரம். இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த நாலு பேரும் கணக்குப்படி தப்பே செய்யவில்லை. கணக்கு படித்தவள் உட்கார்ந்து தப்பு போட்டாள். படம் 61. வட்டம். வட்டத்துக்கு என்ன, எப்படித் திருப்பினாலும் அதற்குக் கவலை இல்லை.

பஞ்சவர்ணத்தைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பூக்கடை ஓரமாக ஒரு பையைச் சுமந்துகொண்டு நின்றாள். நான் பார்க்காத மாதிரி திரும்பினேன். அவள் விடவில்லை, "என்ன மேடம், நல்லாருக்கீங்களா?" என்று கிட்டே வந்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. "எனக்கு அப்பலேருந்தே கணக்குன்னா வராது மேடம், சும்மா ஆசப்பட்டு வந்துட்டேன்" என்றாள். நான் என்ன சொன்னேன்? பரவாயில்லை என்றேன். பரவாயில்லையாம். அவளுக்குக் கணக்கு வந்தது, எனக்குத்தான் தமிழ் வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே. பஸ் வந்தது, ஏறிவிட்டேன், அது என் பஸ்கூட இல்லை, நாகல் நகரில் இறங்கி நடந்தேன். அவள் அப்படித் தன்னையே குறை சொல்லிக்கொண்டு ஊரெல்லாம் நடப்பாள், பிள்ளை கணக்கில் தப்பு விட்டால் என் ரத்தம் அப்படி என்பாள். அதற்கெல்லாம் நான் பொறுப்பா? பொறுப்புதான். படம் 74. படம் 75. இரண்டும் செவ்வகம். குலுக்கலில் இப்படி அடுத்தடுத்து வரத்தான் செய்யும். நாலு நாளைக்கு முன்னால் சாரிடம் சொல்லத்தான் போனேன். கதவுவரை போனேன். அவர் போனில் சென்னை ஆபீஸ்காரர்களிடம், "நம்ம அரசி மேடம் இருக்காங்கல்ல, அவங்க போட்ட டெஸ்டுல ஒரு தப்பு சொல்ல முடியாது சார், அப்படி வடிகட்டிருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வடிகட்டி என்று என்னைச் சொல்கிறார், டீ வடிகட்டுகிற சாமானை. நான் உட்கார்ந்தேன். போனை வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார். ஏசியில் தண்ணி ஒழுகுது சார் என்றேன். அதற்கு ஆள் வரச் சொன்னார். ஆளும் வந்தான், ஒழுகலும் நின்றுவிட்டது. நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மையாகப் போய்ச் சேர்ந்தது.

சொன்னால் என்ன ஆகும், அதையும் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கத்த மாட்டார், அவர் கத்துகிற ஆள் இல்லை. "சரிம்மா, போனது போகட்டும், வெளிய சொல்லாதீங்க" என்பார். நாலு பேரையும் திரும்பக் கூப்பிட மாட்டார், அவர்கள் இடத்தில் ஆள் வந்தாயிற்று. என்னை மட்டும் மெதுவாக வரிசையில் கொண்டுபோய் உட்கார வைப்பார். மேடம் போய்விடும். போனால் போகட்டும், அந்த மேடத்தைப் போட்டு என்ன பண்ணினேன், சோற்றில் பிசைந்தா சாப்பிட்டேன். இப்படிச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் கதவுக்கு முன்னால் போனால் கால் நிற்கிறது. எனக்கு வயது நாற்பத்தொன்று. என் வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே காரியம் இந்தப் பதினேழு வரி. கல்யாணம் அப்பா செய்தது, பிள்ளைகள் ஆனது, படிப்பைக்கூட மாமா சொல்லித்தான் எடுத்தேன். இது ஒன்றுதான் என்னுடையது. அதில்தான் முள் இருக்கிறது என்று எப்படிப் போய்ச் சொல்வேன். படம் 103. சதுரம். இருபத்திரண்டு பாகை சாய்ந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது பாவி, ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி. ஒற்றைக் கால் என்றதும் ஜெசிந்தா வந்துவிட்டாள். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது புத்தி.

ஜெசிந்தா பத்து வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நின்றவள். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், நூல் அறுந்தால் ஓட வேண்டும். இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே நீலமாகப் புடைத்து, ஒரு தடவை அதில் ஒன்று வெடித்து ரத்தம் நிற்காமல் போனதாம். இனிமேல் நின்று பார்க்கிற வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே வந்த முதல் நாள் அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தாள். சக்கரம் வைத்த நாற்காலி, முதுகு சாய்கிற நாற்காலி. "இது பூரா நேரமும் எனக்கேவாக்கா?" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இன்றைக்கு அவள் தேறவில்லை என்றால் அந்த நாற்காலி போய்விடும். பிறகு மில்தான், வேறு யார் அவளுக்கு உட்கார இடம் கொடுப்பார்கள்? முந்தாநாள் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "எதுலக்கா தப்பு?" என்றாள். சார் இருந்தால் மேடம், இல்லாவிட்டால் அக்கா. மறுதேர்வு எழுதுகிறவர்களிடம் தப்பைச் சொல்லக்கூடாது என்பது விதி, அந்த விதியையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான், விதி எழுதுவதில் எனக்கு அப்போது அவ்வளவு ருசி. சொல்லக்கூடாது ஜெசிந்தா என்றேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா, நா புடிச்சுக்கிருவேன்" என்றாள். எனக்கு எரிச்சல், அவள்மேல் இல்லை, ஆனால் அவள்மேல்தான் காட்டினேன். "சாஞ்சா மட்டும் சதுரம் சதுரம் இல்லாமப் போயிருமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் வேறு எதையோ சாடை பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். நேற்று சாயங்காலம் படி இறங்கும்போது அவளை நிறுத்தி, மூலையில் திருப்பிப் பதித்திருந்த ஒரு டைல்ஸைக் காலால் காட்டி, இது என்ன என்று கேட்டேன். சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன். யோசிக்கவே இல்லை, "சாய்சதுரம்க்கா" என்றாள், தேர்வில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு. சரிதான், இவளுக்கு ஏறவில்லை, இவள் மறுபடியும் அதே முப்பதில் போய் விழுவாள் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அதுதான் ஓடியது.

அதனால்தான் பதினெட்டாவது வரி. சதுரம் பத்து பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால், விடையைச் சாய்சதுரம் என்று எழுது. இவ்வளவுதான். படம் மாறாது, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, விடைப் பட்டியல் மட்டும் அவள் கண்ணுக்கு ஏற்றபடி மாறும். சதுரத்தையெல்லாம் நேராக நிறுத்திவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன், ஆனால் சார் எட்டிப் பார்த்தால் எல்லாச் சதுரமும் போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக நிற்பதைக் கண்டுபிடித்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க முடியாது. பொய்யும் இல்லை. எல்லாச் சதுரங்களும் சாய்சதுரங்களே, சரி. நான் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் பதில் தயாராக இருப்பது ஒரு தெம்பு. இன்று ஒருநாள், இவள் ஒருத்திக்கு, தேறட்டும், பிறகு அந்த வரியை அழித்துவிட்டுப் பட்டனின் பெயரை மாற்றிவிடுவேன், சத்தமில்லாமல். அப்போது எல்லாம் சரியாகிவிடும். நாலு பேரைத் தவிர. அந்த நாலு பேருக்கு வரி எழுத முடியாது. ஏன் இவளுக்கு மட்டும் என்று பஞ்சவர்ணம் கேட்டால்? கேட்க மாட்டாள், அவளுக்குக் கணக்கு வராது, அப்படி நம்ப வைத்துவிட்டேன் அல்லவா. படம் 141. படம் 142. சதுரம், ஐம்பத்தெட்டு பாகை, ஓரத்தில் ஓடுகிற பட்டியலில் சாய்சதுரம் என்று ஏறுகிறது. பார்க்கக் கூசுகிறது. ஆனால் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருக்கிறது, மறைப்பானேன். ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் என்ற சந்தோஷம். சாரின் கதவைத் தட்டாமலே நல்லவளாகிவிடலாம் என்ற சந்தோஷம். கீழே ஷோரூமில் யாரோ புது வண்டி எடுக்கிறார்கள் போலிருக்கிறது, ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறான், எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கும். படம் 167. முக்கோணம். மூக்கு இருக்கிறது.

படம் 200 சதுரம். முப்பத்தேழு பாகை சாய்ந்து நின்று, பன்னிரண்டு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டு ஐம்பத்தைந்து. "ஆச்சா அரசி மேடம்?" என்று சார் வந்துவிட்டார். நான் எழுந்தேன். அவர் நின்றவாக்கிலேயே மவுஸைப் பிடித்து, படங்களையும் விடைப் பட்டியலையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினார். "இனிமே நீங்களும் கை வைக்க முடியாது, நானும் கை வைக்க முடியாது. அதுதான்ம்மா நியாயம்" என்றார். திருத்துவது அங்கேயிருந்து தானாக நடக்கும், ஒவ்வொரு விடைக்கும் என் திரையில் பச்சையோ சிவப்போ விழும், அவ்வளவுதான். அவர் வாசலில் போய் நின்று ஏசிக்காரனுக்குப் போன் போட்டார், மறுபடியும் ஒழுகுகிறது. ஜெசிந்தா உள்ளே வந்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறவள் இன்று விறுவிறுவென்று வந்தாள். கிட்டே வந்து, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம். பிளாஸ்டிக், ஒரு முனையில் பல் கடித்த தழும்பு. "அக்கா, நீங்க முந்தாநேத்து சொன்னது மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள், ரகசியமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. "நேத்து படியில வேற கேட்டீங்கல்ல, நா சொன்னதும் உங்க மூஞ்சி சுருங்கிருச்சு. அப்பத்தேன் வெளங்குச்சு, நா எதையோ தப்பா வச்சிருக்கேன்னு. மக கிட்ட கேட்டேன், ஏழாப்பு படிக்கிறா. அவ சிரிக்கிறாக்கா. மூலை நாலும் நேரா இருந்தா சதுரம்மா, அது சாஞ்சா என்ன, படுத்தா என்னங்கிறா. இத வச்சுப் பாத்தா தெரிஞ்சு போயிருமாம்ல. காலைல தோசைய வெட்டி வெட்டிப் பழகிட்டு வந்துருக்கேன். இந்தத் தடவ ஒண்ணுகூட விட மாட்டேன்."

வாயைத் திறந்தேன். சார் பத்தடி தூரத்தில் இருக்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு, சார் என்று கூப்பிட்டால் திரும்புவார். விடைப் பட்டியல் தப்பு சார், நான்தான் மாற்றினேன், இதை நிறுத்துங்கள். ஏழெட்டு வார்த்தைதான். ஜெசிந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் மெச்சுவேன் என்று. அவளுக்கு நான் இரண்டு உதவி செய்திருக்கிறேன், எரிச்சலில் ஒன்று, களவில் ஒன்று. எரிச்சலில் செய்தது அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் புரிந்துகொண்டுவிட்டாள், நாலு பேருக்கும் யாரும் சொல்லாததை ஒரே வாக்கியத்தில் பிடித்துக்கொண்டு, பிள்ளையிடம் கேட்டு, தோசையில் பழகி, சரியாகத் தெரிந்துகொண்டு வந்து நிற்கிறாள். சரியாகத் தெரிந்தவளுக்கு இந்தத் தேர்வில் இடமில்லை. அதை நான்தான் அப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன். சொல்லு, இப்போது சொல்லு, சொல்லிவிடு. "காலை நல்லா நீட்டி உக்காந்துக்க" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியை ஒரு இழு இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டாள். முதல் படம் வட்டம், தட்டினாள், என் திரையில் பச்சை. செவ்வகம், பச்சை. முக்கோணம், பச்சை. ஒல்லிச் சாய்சதுரம் வந்தது, மூலைமட்டத்தை வைத்தாள், மூலை உட்காரவில்லை, சாய்சதுரம் என்று தட்டினாள், பச்சை. பிறகு ஒரு சதுரம், நன்றாகச் சாய்ந்தது. அவள் அவசரப்படவில்லை. மூலைமட்டத்தைத் திரையில் வைத்து, மெதுவாகத் திருப்பி, கோட்டோடு கோடு சேர்த்தாள். மூலை கச்சிதமாக உட்கார்ந்தது, இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. அடுத்த மூலைக்கும் வைத்துப் பார்த்தாள். சதுரம் என்று தட்டினாள். என் திரையில் சிவப்பு விழுந்தது. அவளுக்கு அது தெரியாது, முடிகிறவரை தெரியாது. இன்னும் முப்பது சாய்ந்த சதுரம் இருக்கிறது. சார் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அதென்ன, பிளாஸ்டிக்க வச்சு என்னமோ பண்ணுறாங்க?"

"சதுரமான்னு பாக்குறாங்க சார்."

"சதுரமா அது?"

"சதுரம்தான் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு என் திரையைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், அவருக்கு மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஜெசிந்தா அடுத்த சதுரத்துக்கு மூலைமட்டத்தை வைத்து, அதுவும் உட்கார்ந்ததும், ஒரு நொடி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.